பிறை பார்க்கும் வகுப்பு

அன்புள்ள ஐயாவுக்கு,

ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். ரம்ஜான் விடுமுறை முடிந்து வந்த ஒரு மாணவன், "துபாயில இருக்கிற எங்க அப்பா நமக்கு ஒரு நாள் முன்னாடியே பெருநாள் கொண்டாடிட்டார் டீச்சர், அது எப்படி?" என்று கேட்டான். உடனே இன்னொருத்தி, பொங்கல் மட்டும் ஏன் தேதி மாறுவதில்லை என்றாள். என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் பள்ளியில் பண்டிகை என்றால் மாறுவேடப் போட்டி, வாழ்த்து அட்டை, அத்துடன் சரி. வேறு என்ன செய்யலாம்?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டு பிள்ளைகளும் வானத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

மாலையில் மெல்லிய பிறை கண்ணில் பட்டால் மறுநாள் பெருநாள். நமக்குச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகுதான் துபாயில் மறைகிறது. அதற்குள் நிலா சூரியனைவிட்டு இன்னும் கொஞ்சம் விலகியிருக்கும். அதனால் மேற்கே போகப் போகப் பிறை தெரியும் வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பையனை உலகப் படத்தின் முன் நிறுத்தி, அப்பா இருக்கும் ஊரைக் காட்டச் சொல்லுங்கள். புவியியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

அப்புறம் கணக்கு. பன்னிரண்டு நிலவு மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. இஸ்லாமிய நாள்காட்டி அந்தக் குறையை ஈடுசெய்வதில்லை. அதனால் ரம்ஜான் எல்லாப் பருவங்களையும் தொட்டு, சுமார் 33 ஆண்டில் ஒரு சுற்று வருகிறது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு முறை ரம்ஜான் நோன்பு தொடங்கும். பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். தீபாவளியும் அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் இரண்டரை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்துவிடுவதால், அது ஐப்பசியை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஈஸ்டர், மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு.

பொங்கலுக்கு நிலா தேவையில்லை, சூரியன் மகர ராசிக்குள் நுழைந்தால் போதும். ஆனால் அந்தத் தேதியும் அசையாமல் நிற்கவில்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது. பொங்கலோடு சூரியன் வடக்கே திரும்புவதாகச் சொல்வோம், உண்மையில் அது திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். பொங்கல் வருவது அதற்கு மூன்று வாரம் கழித்து. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. நம் தாத்தாவின் தாத்தாவுடைய காலத்துப் பொங்கலுக்கும் நமதுக்கும் ஓரிரு நாள் வித்தியாசம் இருந்திருக்கும் என்று கேட்டால் எந்தக் குழந்தைக்கும் கண் விரியும்.

மாறுவேடப் போட்டி எனக்கு உடன்பாடில்லை. பிறை போட்ட தொப்பி ஒருவனுக்கு, பட்டு வேட்டி இன்னொருவனுக்கு என்று மாட்டிவிட்டால், பக்கத்தில் இருப்பவனை உடையாகத்தான் பிள்ளைகள் நினைவில் வைப்பார்கள்.

அதற்குப் பதில் ஒரு மாதம் தினமும் நிலாவைப் பார்த்து, நோட்டில் வரையச் சொல்லுங்கள். சுற்றுலா போனாலும் நோட்டு கூடவே போகட்டும். மேகம் மறைத்த நாளில் கற்பனையாக வரைய வேண்டாம், "தெரியவில்லை" என்றே எழுதட்டும். பிறை பார்க்கிறவர்களுக்கும் அதுதான் முறை: 29ஆம் நாள் மாலை பிறை தென்படாவிட்டால், மாதத்தை 30 நாளாக நிறைவு செய்துகொள்வார்கள்.

அன்புடன்.