பி.கே.பி. காலத்தில் கோலாலம்பூர் காற்று தெளிந்தது ஏன்? பொருளாதாரம் படுத்தது ஏன்?

பி.கே.பி. என்பது 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அத்தியாவசியத் தொழில்கள் தவிர மற்றதெல்லாம் மூடல்.

கேள்வி இரண்டு என்றாலும் காரணம் ஒன்றுதான்: புகையும் சம்பாத்தியமும் பெரும்பாலும் ஒரே எஞ்சினிலிருந்து வருகின்றன. ஃபெடரல் நெடுஞ்சாலையில் காலையில் ஊர்ந்து போகும் கார்களும் லாரிகளும் கக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு, சில மணி நேரத்திலேயே காற்றில் சிதைந்துவிடும். மிளகாய் வறுக்கும் நெடி, அடுப்பை அணைத்ததும் கொஞ்ச நேரத்தில் அடங்குமே, அப்படித்தான். அதனால்தான் மாற்றம் அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது. நுண்துகள்கள் வேறு ரகம். நாள்கணக்கில் மிதக்கும், காட்டுத்தீப் புகையோடு எல்லை தாண்டியும் வரும். நம் காரை நிறுத்தினால் மட்டும் அவை போய்விடாது.

சரி, பொருளாதாரம்? அந்த வண்டிகளில் போனவர்கள்தான் வேலையாட்களும் வாடிக்கையாளர்களும். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள்: கோயில் மூடல், கல்யாணம் தள்ளிவைப்பு, அப்புறம் மாலை யாருக்கு? கட்டுபவருக்குக் கூலியும் இல்லை. 2020 இரண்டாம் காலாண்டில் மலேசியப் பொருளாதாரம் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 17 சதவீதம் சுருங்கியது. 1998 நிதி நெருக்கடியில்கூட எந்தக் காலாண்டிலும் இவ்வளவு விழவில்லை.

வானம் நீலமானதால் புவி வெப்பமாதலும் தணிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. புவியைச் சூடாக்கும் கரியமில வாயு நூற்றாண்டுக்கணக்கில் காற்றில் தங்கும், 2020இலும் அதன் செறிவு ஏறத்தான் செய்தது.