ரிவர்ஸ் போடாதீர்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஓவர்டிரைவ் குறித்த கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில், எம்.ஜி.பி., டிரையம்ப் டி.ஆர். ஆகிய பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும் லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸின் பின்னே பொருந்தி, அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் அமைப்பு) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மற்ற கார்களைப் பற்றிக் கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (திருவொற்றியூர்): ஐயா, என்னுடையது 1971-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஓவர்டிரைவ் அறவே விழவில்லை. கியர்பாக்ஸை இறக்கிவிடலாமா?

பதில்: இறக்காதீர்கள். எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸ் தனியாக இறங்காது. எஞ்சினோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அவ்வளவு வேலையையும் செய்து முடித்த பிறகு, குற்றவாளி ஓர் ஒயர் முனைதான் என்று தெரியவந்தால் யாரை நொந்துகொள்வது? முதலில் எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, நான்காம் கியரில் வைத்து, ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டுங்கள். உங்கள் காரில் இருப்பது எல்.எச். வகை ஓவர்டிரைவ், அதன் சொலினாய்டு (ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம்) எழுப்பும் ஒலி மிக மெல்லியது என்பதால், காதை நம்பாமல் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பாருங்கள். ஸ்விட்ச் வரை மின்சாரம் வருகிறதா, அங்கிருந்து கியர்பாக்ஸில் உள்ள தடுப்பு ஸ்விட்சுக்குப் போகிறதா, அதைத் தாண்டி சொலினாய்டை எட்டுகிறதா என்று படிப்படியாகப் பின்தொடருங்கள். மூன்றாம், நான்காம் கியர்களைத் தவிர மற்றவற்றில் ஓவர்டிரைவ் விழாமல் காப்பது அந்தத் தடுப்பு ஸ்விட்ச்தான். அதன் அடியில் உள்ள ஷிம்கள் (மெல்லிய இடைத்தகடுகள்) கூடிப்போனால் கியர் விழுந்தாலும் ஸ்விட்ச் அழுந்தாது.

கடற்காற்று படும் திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் நிற்கிற கார்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற மாதம் வந்த ஒரு காரில், கியர்பாக்ஸ் அருகே இருந்த புல்லட் இணைப்பை (உறைக்குள் செருகும் ஒயர் முனையை) இழுத்தபோது, உறைக்குள் பச்சைப் பொடியாகக் களிம்பு உதிர்ந்தது. ஒயரை ஓர் அங்குலம் உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. வெட்டி எறிந்து, புது முனை அடித்து, எர்த் பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பூட்டியதும், ஓவர்டிரைவ் ஒன்றும் நடக்காததுபோல விழுந்தது.

கேள்வி (கொளத்தூர்): என் எம்.ஜி.பி.யிலும் ஓவர்டிரைவ் விழவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): ஐயா, டிரையம்ப் டி.ஆர்.4 வைத்திருக்கிறேன். ஓவர்டிரைவ் விழுகிறது, ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் நெடுநேரம் விடுவதில்லை. நேற்று விடவே இல்லை. வண்டியை ஷெட்டுக்குள் எப்படிப் பின்னோக்கி எடுப்பது?

பதில்: எடுக்காதீர்கள், நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் சொல்வேன்: விடாமல் பிடித்துக்கொண்ட ஓவர்டிரைவோடு ரிவர்ஸ் போடக் கூடாது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நேரடி ஓட்டத்தில் உள்ளே வரும் விசையை வெளித்தண்டுக்குக் கடத்துவது ஒருவழி ரோலர் கிளட்ச். ஓவர்டிரைவ் விழும்போது எண்ணெய் அழுத்தம் பிஸ்டன்களைத் தள்ள, கூம்பு கிளட்ச் வெளிவளையத்தை விட்டு நகர்ந்து பிரேக் வளையத்தில் அழுந்தி, நடுவில் உள்ள சூரியப் பல்சக்கரத்தைச் சுழலாமல் நிறுத்துகிறது. அப்போது வெளித்தண்டு உள்தண்டைவிட வேகமாகச் சுழல்வதால் ரோலர்கள் தாமாகவே தளர்ந்துவிடுகின்றன. ஆனால் ரிவர்ஸில் சுழற்சி தலைகீழாக மாறுவதால், தளர வேண்டிய ரோலர்கள் இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. கூம்போ சூரியப் பல்சக்கரத்தை இன்னும் விடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு விகிதங்களில் சுழல எந்த இயந்திரத்தாலும் முடியாது. எனவே ஏதாவது ஒன்று உடையும்.

உங்கள் காரில் இருப்பது ஏ வகை ஓவர்டிரைவ். அதில் இயக்கு வால்வின் தண்டில் மிக நுண்ணிய துளை ஒன்று உண்டு. அழுத்தம் வடிந்து கூம்பு பழைய இடத்துக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான். அது அடைபட்டால் நீங்கள் சொல்லும் கோளாறு அப்படியே வரும். மேலே உள்ள பிளக்கைக் கழற்றி, சுருள்வில்லையும் குண்டையும் எடுத்து வைத்துவிட்டு, வால்வை அதன் இருக்கையில் கீறல் விழாதபடி மெதுவாக உருவி, மெல்லிய செம்புக் கம்பியால் அத்துளையைச் சுத்தம் செய்யுங்கள். எஃகு ஊசி வேண்டாம். அந்தச் சிறு குண்டு தரையில் உருண்டால் பட்டறையே தவழ வேண்டியிருக்கும். அடியில் ஒரு தட்டை வையுங்கள்.

கேள்வி (மாதவரம்): என் ஆட்டோமேட்டிக் காரில் ‘ஓவர்டிரைவ் ஆஃப்’ என்ற விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது.

பதில்: அது வேறு இயந்திரம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): 1969 எம்.ஜி.பி. காலையில் ஓவர்டிரைவ் நன்றாக விழுகிறது. செங்குன்றம் தாண்டி அரை மணி நேரம் ஓட்டியதும் தானாக விட்டுவிடுகிறது.

பதில்: சூடான எண்ணெய் இளகும்போது அழுத்தம் தாழ்கிறது. எல்.எச். வகைக்குச் சுமார் 400 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு) அழுத்தம் வேண்டும். முதலில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். ஓவர்டிரைவோடு கூடிய அந்த கியர்பாக்ஸுக்குச் சுமார் 3.4 லிட்டர் தேவை. புது எண்ணெய் ஊற்றியதும் சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்து, அடிமூடியைக் கழற்றி வலை ஃபில்டரைக் கழுவுங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் ரிலீஃப் வால்வு (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), பம்ப் என்ற வரிசையில் போக வேண்டும். என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள்?

(தண்டையார்பேட்டை): 90 கியர் ஆயில், ஐயா. மெக்கானிக் அதைத்தான் ஊற்றச் சொன்னார்.

பதில்: அதை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயிலை ஊற்றுங்கள். எம்.ஜி.பி.க்குத் தயாரிப்பாளர் சொன்னது அதுதான்.

(ராயபுரம், மெக்கானிக்): அண்ணே, மன்னிக்க வேண்டும். முப்பது வருடமாக நான் 90 தான் ஊற்றுகிறேன். சித்திரை வெயிலில் எஞ்சின் ஆயில் தண்ணீராகிவிடும், கியர்பாக்ஸ் இரையும்.

பதில்: தம்பி, இரைச்சல் குறைவதை நான் மறுக்கவில்லை. தடித்த எண்ணெய் தேய்ந்த பேரிங்கின் வாயை அடைக்கும். அதன் தேய்மானத்தை ஆற்றாது. வெயிலைப் பற்றி நீங்கள் சொல்வதற்கும் ஒரு பதில் உண்டு: 20டபிள்யூ-50 என்பதில் உள்ள 50, எஞ்சின் கொதிக்கும் சூட்டில் அளந்த தடிமன். சென்னை வெயிலைவிட எஞ்சினின் உட்புறம் சூடானது. மேலும் ஜி.எல்.-5 தர கியர் ஆயில்களில் பல்லைக் காக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்க்கை, சின்க்ரோ வளையங்களின் (கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைப்பவை) பித்தளையை அரிக்கக்கூடியது.

(ராயபுரம், மெக்கானிக்): அப்படியானால் டிரையம்ப்புக்கு மட்டும் கியர் ஆயில் ஏன்?

பதில்: நல்ல கேள்வி. டி.ஆர். கார்களுக்குத் தயாரிப்பாளரே கியர் ஆயிலைத்தான் குறித்திருக்கிறார், அங்கே ஜி.எல்.-4 தரம் போதும். ஆகவே, எல்லா ஓவர்டிரைவுக்கும் எஞ்சின் ஆயில் என்று நானும் சொல்லவில்லை, எல்லாவற்றுக்கும் 90 என்று நீங்களும் சொல்ல முடியாது. காரின் கையேட்டில் எழுதியிருப்பதை ஊற்ற வேண்டும்.

(எண்ணூர்): கடையில் உராய்வைக் குறைக்கும் திரவம் விற்கிறார்கள். ஒரு புட்டி சேர்த்தால் இரண்டு தரப்புக்கும் சமாதானம் ஆகாதா?

பதில்: ஆகாது. கூம்பு கிளட்ச் பிடிப்பதே உராய்வால்தான். அந்தத் திரவத்தை ஊற்றினால் லைனிங் வழுக்கத் தொடங்கும்; பிறகு எந்த எண்ணெயை மாற்றியும் எளிதில் மீட்க முடியாது.

கேள்வி (பெரம்பூர்): சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஓவர்டிரைவ் பொருத்தலாமா?

பதில்: இங்கிலாந்தில், ஹெரால்டின் அடிப்படையில் உருவான டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு விருப்பத் தேர்வாக ஓவர்டிரைவ் கிடைத்தது, அதன் கியர்பாக்ஸ் முழுதாகக் கிடைத்தால் முயலலாம். உதிரிகளைக் கோத்துச் செய்ய நினைத்தால் செலவு காரின் விலையைத் தாண்டும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற எம்.ஜி.பி. கியர்பாக்ஸ் எண்ணெய் பால்போல இருக்கிறது.

பதில்: அந்த எண்ணெயோடு ஒரு தெருகூட ஓட்டாதீர்கள். வடித்து, மலிவான 20டபிள்யூ-50 ஊற்றி, பின்சக்கரங்களைத் தூக்கிவைத்துச் சிறிது நேரம் ஓடவிட்டு, மீண்டும் வடியுங்கள். பால்நிறம் போகும் வரை இதையே செய்யுங்கள். சொலினாய்டையும் சோதியுங்கள்.

கேள்வி (மூலக்கடை): எம்.ஜி.பி.யில் ஓவர்டிரைவ் விழவில்லை. கியர்பாக்ஸை இறக்க எவ்வளவு ஆகும்?

பதில்: முதல் கேள்வியைப் படித்தீர்களா? படித்துவிட்டு, டெஸ்ட் லேம்ப் எங்கே எரிந்தது, எங்கே எரியவில்லை என்று எழுதுங்கள். அதுவரை பதில் இல்லை.

கேள்வி (புளியந்தோப்பு): 1965 எம்.ஜி.பி.யில் இரண்டு சொலினாய்டுகள் எரிந்துவிட்டன.

பதில்: மூன்றாவதை வாங்குமுன் சொலினாய்டு இழுக்கும் நெம்புகோலைச் சரிசெய்யுங்கள். உங்கள் காரில் உள்ள டி வகை ஓவர்டிரைவின் சொலினாய்டில் இரண்டு சுருள்கள் உண்டு: இழுக்கும் சுருள் 15 ஆம்பியருக்குக் குறையாமல் குடிக்கும், பிடித்துவைக்கும் சுருளுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் போதும். சொலினாய்டின் உள்ளே நகரும் தண்டு முழுதாக இழுபடாவிட்டால் முதல் சுருள் துண்டிக்கப்படாமல் வெந்துவிடும். சொலினாய்டு இழுத்த நிலையில், நெம்புகோலில் உள்ள துளையும் உறையில் உள்ள துளையும் நேராக நின்று, 3/16 அங்குலக் கம்பி தடையின்றி நுழைய வேண்டும். ஆம்மீட்டர் 1-க்கு இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைப் பூட்டுங்கள்.

(வியாசர்பாடி, மீண்டும்): ஐயா, துளையைச் சுத்தம் செய்தேன், உடனே விழுகிறது, உடனே விடுகிறது. ஆனால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். உங்கள் பதில் வருமுன், முந்தாநாள் இரவு ஒரு தடவை ரிவர்ஸ் போட்டேன். ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பதில்: எண்ணெயை வெள்ளைத் துணி விரித்த தட்டில் வடியுங்கள். சாம்பல் நிறக் குழம்பு மட்டும் என்றால் ஓட்டிப் பார்க்கலாம். நகத்தில் ஒட்டும் அளவுக்கு மினுக்கும் துண்டுகள் தென்பட்டால் வண்டியை ஓட்டிவராமல், வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.