ஊரணிப் பதிவும் வக்கீல் நோட்டீசும்: பேச்சுரிமை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர் ஊரணியைத் தூர்வாரினார்கள். வேலை அரைகுறை. 'காண்டிராக்டர் பணத்தைச் சுருட்டிவிட்டார்' என்று ஃபேஸ்புக்கில் படத்தோடு போட்டேன். ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்காவிட்டால் போலீசில் பிடித்துக் கொடுப்போம் என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், ஆத்தங்குடி அருகே

பதில்: போலீஸ் பயத்தை முதலில் விடுங்கள். அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவில் வரும் குற்றம் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500). இதற்குப் போலீசார் தாங்களாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தனிப் புகார் கொடுக்க வேண்டும். அந்தப் புகாரை நடுவர் விசாரணைக்கு ஏற்கும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆவது பிரிவு. தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு வெறுங்காவல் அல்லது அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். சமூக சேவை செய்யச் சொல்லியும் தீர்ப்பாகலாம். நஷ்டஈடு கேட்பது தனியாக சிவில் வழக்கு. அதை ஓராண்டுக்குள் போட வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவு அல்ல. ஆனால் பதில் போடாமல் இருக்காதீர்கள். அதில் கொடுத்த கெடுவுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் வாசகத்துக்கு வருவோம். '3 அடி ஆழம் எடுத்ததாகக் கணக்கில் இருக்கிறது, அளந்து பார்த்தால் ஒன்றரை அடிகூட இல்லை' என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி. 'வேலை படுமோசம்' என்பது உங்கள் கருத்து. 'பணத்தைச் சுருட்டிவிட்டார்' என்பது ஒருவர் மேல் சுமத்தும் குற்றம். அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வேலை குறைந்ததைக் காட்ட உங்களால் முடியும். பணம் யார் பைக்குப் போனது என்று காட்ட முடியுமா? ஊருக்காக நியாயமாகக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த ஒரு வரியில்தான்.

356-ஆவது பிரிவிலேயே பத்து விலக்குகள் உண்டு. முதலாவது, சொன்னது உண்மையாகவும் பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். சிவில் வழக்கில் உண்மை ஒன்றே போதும். மூன்றாவது, பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து. பொதுப்பணத்தில் நடந்த ஊரணி வேலை இதில் வரும். எட்டாவது, நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார். ஆகவே, சந்தேகத்தை ஃபேஸ்புக்கில் எழுதுவதைவிட மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்தால் பாதுகாப்பு அதிகம்.

செய்ய வேண்டியது இது. பதிவையும் அதன் கீழ் வந்தவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். நிரூபிக்க முடியாததை விலக்கிக்கொண்டது உங்கள் நல்லெண்ணத்துக்குச் சான்றாகும். பிறகு ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேலையின் மதிப்பீடு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல், பணம் பட்டுவாடா செய்த விவரம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'எல்லா ஆவணங்களும் வேண்டும்' என்று கேட்டால் தட்டிக்கழிக்க வழி கொடுத்ததாகும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வேலை நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும் அதே சட்டம் உரிமை தருகிறது. எம்-புக்கில் உள்ள ஆழத்தையும் அளவுகோல் ஊன்றி எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதற்கு மேல் ஒரு வசவும் தேவைப்படாது.

கேள்வி: எதைப் பேசினாலும் 'எங்கள் மனம் புண்பட்டுவிட்டது' என்கிறார்கள். பேச்சுரிமைக்கு அது ஒரு வரம்பா?
- கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: இல்லை. அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தரும் உரிமையை எட்டுக் காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் சட்டம் இயற்றி, நியாயமான அளவில் மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்கிறது 19(2). நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, பண்பும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். 'மனம் புண்படுதல்' என்று ஒரு காரணம் இதில் இல்லை. இந்த எட்டைத் தாண்டிப் புதிய காரணம் சேர்க்க முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது.

இந்தப் பட்டியலில் நம் மாகாணத்துக்கும் பங்கு உண்டு. ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை உள்ளே வரக்கூடாது என்று சென்னை மாகாண அரசு தடை போட்டது. 1950-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதை ஒட்டித்தான் 1951-இன் முதல் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்பதை உள்ளே கொண்டுவந்தது. 'நியாயமான' என்ற சொல்லும் அப்போது சேர்ந்ததுதான். அந்தச் சொல்தான் இன்றுவரை நம்மைக் காப்பாற்றி வருகிறது.

ஒரு தமிழ்ப்படத்தை எதிர்த்துக் கலவரம் வரும் என்று சொல்லப்பட்டபோது, மிரட்டலுக்குப் பயந்து பேச்சை அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்று 1989-இல் ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பு வந்தது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே சிறை என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாததாயிற்று. விவாதிக்கலாம், ஒரு கொள்கைக்காக வாதாடலாம். தூண்டிவிடும்போதுதான் சட்டம் தலையிடும் என்று அந்தத் தீர்ப்பு கோடு கிழித்தது.

பாரதிய நியாய சன்ஹிதாவில் மதம் பற்றி ஒரு பிரிவு (299) இருக்கிறது. ஆனால் அதற்கும் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு அவமதித்திருக்க வேண்டும். சாதி, மதம், மொழி காட்டிப் பகை மூட்டுவது 196-ஆவது பிரிவு. இரண்டிலும் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை. இப்படிப்பட்ட பேச்சு, எழுத்துப் புகார்களில் எஃப்.ஐ.ஆர். போடும் முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் ஒரு கவிதை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எழுதியதன் விளைவை எடைபோட எதற்கும் சுருங்கிப்போகிறவரின் மனதை அளவுகோலாக வைக்காதே, திடமான மனமுள்ளவரை வை என்றது அதே தீர்ப்பு. சம்மன் வந்தால் இதை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். கோயில் திருவிழா பற்றி ஒருவர் வதந்தி போட்டால் நான் பொறுப்பா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அட்மினாக இருப்பதைத் தவிர வேறு பங்கு இல்லாதவரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க முடியாது என்று 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கூறியிருக்கிறது. ஆனால் நீங்களே அதை வேறு குழுவுக்கு அனுப்பினால் நிலைமை வேறு. 'எனக்கு வந்தது, அப்படியே தள்ளினேன்' என்ற சமாதானத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ஏற்கவில்லை. அனுப்பியவரும் பொறுப்பு என்றது. பொய்ச் செய்தியோ வதந்தியோ பரப்பிச் சமூகங்களுக்குள் பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆவது பிரிவு வரும். முதல் மரியாதை, தேர் வடம் போன்ற விஷயங்களில் ஒரு வரி போதும், இரண்டு ஊர் பேசாமல் போவதற்கு. 'அனைவருக்கும் நீக்கு' வசதி அட்மினுக்கு இருக்கிறது. அழித்துவிட்டு, கோயில் அலுவலகத்தில் விசாரித்து உண்மையைப் போடுங்கள். குழுவிலிருந்து ஒருவரை நீக்குவது அவர் பேச்சுரிமையைப் பறிப்பதாகாது. உங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் கொடு என்று கேட்கிற உரிமை அல்ல அது.

கேள்வி: தெருமுனைக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டால் ஸ்டேஷனில் வாயாலேயே 'முடியாது' என்கிறார்கள்.
- வாசகர், தேவகோட்டை

பதில்: வாயால் கேட்டதற்கு வாயால் பதில் வந்திருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக டி.எஸ்.பி.க்கு மனு எழுதி, நகலை இன்ஸ்பெக்டருக்கும் கொடுங்கள். இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பேசுவோர், ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கட்டும். கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம். அது ஒன்றே மறுக்கக் காரணமாகிவிடும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு விதியே இடம் தராது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தராவிட்டால் அதே மனுவைச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுச் சாலையில் கூட்டத்தை முறைப்படுத்தலாமே தவிர, இஷ்டப்படி மறுக்கும் அதிகாரம் அதிகாரிக்கு இல்லை என்பது ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொன்னது. 'போக்குவரத்து' என்று காரணம் சொன்னால் மாற்று இடம் ஒன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்கும் மறுப்பு வந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின்படி ரிட் மனு. கூட்டத்துக்கு முதல் நாள் ஓடினால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் தேதி போய்விடும். ஒரு வாரம் முன்னதாக என்று சொன்னது அதற்காகத்தான்.