உப்பு நிலத்தில் நெல் கருக, பார்லி மட்டும் தாங்குவது ஏன்?

உப்பு பயிரை இரண்டு கட்டமாகத் தாக்குகிறது. முதலில், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. வளர்ச்சி உடனே மந்தமாகும். அடுத்து, நாட்கள் செல்லச் செல்ல சோடியம் இலைகளில் சேரும். நீராவிப்போக்கு அதிக நாள் நடந்த முதிர்ந்த இலைகளே நுனியிலிருந்து முதலில் காயும். சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்து நொதிகளை முடக்குவதுதான் காரணம்.

உப்பின் அளவைக் காட்டும் மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு சுமார் 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் சரியும். கோதுமை 6 வரை, பார்லி 8 வரை தாங்கும். தாங்கும் வழிகளும் வேறு. நெல்லிலும் ரொட்டிக் கோதுமையிலும் சோடியத்தைக் கடத்தும் எச்கேடி (HKT) வகைப் புரதங்கள், வேரிலிருந்து நீரை மேலேற்றும் சாற்றுக்குழாயிலிருந்து சோடியத்தை மீட்டு, இலைக்கு ஏறாமல் தடுக்கின்றன. பார்லி சோடியத்தை இலைக்குள் கணிசமாக விட்டாலும் செல்லுக்குள் உள்ள சேமிப்புப் பையான நுண்குமிழிக்குள் பூட்டிவைக்கிறது. இந்தத் திறன்தான் பெரிய வேறுபாடு என்பது என் கருத்து.

நெல் முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் ஓரளவு தாங்கும். இளநாற்றிலும் பூக்கும் தருணத்திலும்தான் நொடிந்துவிடும். எனவே இளநாற்றைத் தவிர்த்து, முதிர்ந்த நாற்றை, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக நடுங்கள். நடுமுன் நல்ல நீர் தேக்கி வடியுங்கள். வடிகால் இல்லையென்றால் உப்பு மீண்டும் மேலேறும். ஜிப்சம், மண்ணில் சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கே உதவும், கரையும் உப்பு மட்டும் மிகுந்த வெறும் உவர் நிலத்துக்கு அல்ல.