கோல்கீப்பர் ஆகப் போகிறவனுக்குப் படிப்பு எதற்கு?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கால்பந்தில் கோல்கீப்பராகத்தான் வருவேன் என்று நிற்கிறான். பள்ளியை நிறுத்திவிட்டு அகாடமியில் சேர்த்துவிடச் சொல்கிறான். அவன் அப்பாவுக்குக் கோபம், எனக்குப் பயம். என்ன செய்யட்டும்? – தூத்துக்குடியிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

அவன் ஆசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள். பள்ளியை நிறுத்தவும் வேண்டாம்.

கோல் அடிக்கும் ஃபார்வர்டு இடத்தில் ஆடும் பையனைக் கடைசி இருபது நிமிடத்துக்காவது மாற்று ஆளாக இறக்கிப் பார்ப்பார்கள். கீப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. அணியில் மூன்று கீப்பர் இருந்தாலும் ஆடுவது ஒருவர்தான். அவருக்கு அடிபட்டாலோ, ஃபார்ம் போனாலோதான் அடுத்தவருக்கு முறை வரும். அதனால் திறமைக்கு அடுத்தபடியாக இந்தத் தொழில் கேட்பது, வருடக்கணக்கில் காத்திருக்கும் தெம்பு. கையில் படிப்பு இருக்கிற பையனுக்கு அந்தத் தெம்பு இருக்கும். 'பதினெட்டு வயதில் சம்பாதித்தே ஆக வேண்டும்' என்ற நெருக்கடியில் இருப்பவனுக்கு இருக்காது.

எமிலியானோ மார்ட்டினெஸை உங்கள் மகனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். 2022 உலகக் கோப்பையில் சிறந்த கோல்கீப்பர் விருது வாங்கியவர். அதற்கு முந்தைய பத்து வருடம் தெரியுமா என்று கேளுங்கள். 2010இல், பதினேழு வயதில், அர்ஜென்டினாவிலிருந்து இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்குப் போனார். அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ரோதர்ஹாம், வுல்வ்ஸ், ஸ்பெயினில் கெடாஃபே, பிறகு ரெடிங் என்று கிளப் கிளப்பாக லோனில், அதாவது தற்காலிகமாக இரவல் ஆளாக, அனுப்பினார்கள். 2020 ஜூனில் ஆர்சனலின் முதல் கீப்பர் லெனோ முழங்காலில் அடிபட்டு வெளியேறிய பிறகுதான் தொடர்ந்து ஆட வாய்ப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 27. நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடியது 2021இல். பதினாறு வயதிலேயே இத்தாலியின் ஏசி மிலான் கிளப்புக்குக் கோல் காத்த டொன்னாரும்மாவும் இருக்கிறார், ஆனால் அவரை அளவுகோலாக வைத்துக்கொண்டால் பிள்ளை பதினெட்டிலேயே மனம் உடைந்துபோவான்.

நம் இந்திய அணிக் கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவும் 2014இல் நார்வேயின் ஸ்டபேக் கிளப்பில் சேர்ந்துவிட்டு, அந்நாட்டு லீக்கில் முதல் ஆட்டம் ஆட 2016 வரை பொறுத்திருந்தார். காத்திருப்பதற்குப் பலனும் உண்டு. மற்ற ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் முப்பத்தைந்துக்குள் ஓய்ந்துவிடும்போது கீப்பர்கள் நீடிக்கிறார்கள். டினோ ஸோஃப் 1982 உலகக் கோப்பையை இத்தாலிக்குத் தலைமை தாங்கி வென்றபோது அவருக்கு வயது 40. இன்னொரு இத்தாலியக் கீப்பர் பஃபோன் ஓய்வு பெற்றது 45 வயதில்.

இனி பணம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்பில் ஒப்பந்தம் கிடைத்தால் நல்ல வருமானம்தான். ஆனால் 2025 ஜூலையில் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் அந்த லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடுபவர்களுக்கே இந்த நிலை வந்தது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அவன் அப்பாவின் கோபத்துக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கவலையாகத்தான் இருக்கும். ரயில்வே, வங்கி, சுங்கத்துறை போன்ற இடங்களில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை உண்டு. தமிழக அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் கல்வித் தகுதி கேட்பார்கள். மாவட்ட அளவில் ஆடிய சான்றிதழ் முதல் ஒன்றையும் தொலைக்காமல் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

அகாடமி விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான கருத்து ஒன்று உண்டு. பெரிய பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். 'கீப்பர்களுக்குத் தனிக் கோச் இருக்கிறாரா? போன சீசனில் இந்த வயதுப் பிரிவில் எத்தனை கீப்பர், ஒவ்வொருவரும் எத்தனை மேட்ச் ஆடினார்கள்?' என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பிரபலமான அகாடமியில் மூன்றாவது கீப்பராக உட்கார்ந்திருப்பதைவிட, உள்ளூர் அணியில் வாராவாரம் கோல் காப்பது இந்த வயதில் ஆயிரம் மடங்கு மேல்.

அவனிடம் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடுத்த மேட்ச்சுக்கு நீங்களே போங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பையனை மட்டும் பாருங்கள். பந்து எதிரணிப் பக்கம் இருக்கும்போது கம்பத்தில் சாய்ந்து நிற்கிறானா, கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி பெட்டியின் விளிம்புவரை முன்னேறி வந்து 'லெஃப்ட்ல ஆள் இருக்கான்டா' என்று டிஃபென்டர்களுக்குக் குரல் கொடுக்கிறானா? 1992 முதல் சொந்த அணி ஆள் காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. அப்படி வரும் பந்தை இடது காலாலும் நிதானமாகத் தட்டிவிடத் தெரிகிறதா? ஒரு கோல் வாங்கிய பிறகு வரும் அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறான்? டைவ் அடிப்பதைப் பயிற்சியில் கொண்டுவந்துவிடலாம், இந்த மூன்றும் அவ்வளவு எளிதில் வராது.

உயரத்தை நினைத்து இப்போதே கவலைப்பட வேண்டாம், பையன்கள் பதினெட்டு வரைகூட வளர்வார்கள். யாராவது 'வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்' என்று சொன்னால் மட்டும் காது கொடுக்காதீர்கள். வயதைக் கண்டுபிடிக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள், மாட்டினால் தடை.

பொதுத்தேர்வு முடியட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் பதினொன்றாம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியோடு படிப்பும் தொடரும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விடுதிக்கு ஆள் எடுக்கும் தேதியை விசாரித்து வையுங்கள். போகும்போது அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.