வரவு செலவை அட்டையில் அச்சடித்த ரெக்கார்டு: கேள்வி பதில்

கானாடுகாத்தானில் நண்பர் வீட்டு வளவில் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற போஸ்ட்-பங்க் இசைக்குழுவின் முதல் ரெக்கார்டான 'ஸ்காங்க் பிளாக் பொலோன்யா'வைப் போட்டுக் கேட்டோம். 1978ல் லண்டனில் எந்தப் பெரிய கம்பெனியையும் நாடாமல் மூன்று இளைஞர்கள் தாங்களே வெளியிட்ட ஏழு அங்குலத் தட்டு அது. வந்திருந்தவர்கள் அப்புறம் எழுதிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, பங்க் என்றால் கத்தல் என்றுதான் நினைத்திருந்தேன். இதில் கத்தலே காணோமே? போஸ்ட்-பங்க் என்பது வேறா? (கல்லூரி மாணவி, பள்ளத்தூர்)

வேறுதான் அம்மா, ஆனால் அதே வீட்டுப் பிள்ளை. 1976, 77ல் வந்த பங்க், 'யாரும் மேடையேறலாம்' என்ற துணிச்சலைக் கொடுத்தது. இசை மட்டும் சீக்கிரமே ஒரே வார்ப்பில் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் துணிச்சலை வைத்துக்கொண்டு வார்ப்பை உடைத்தார்கள். லண்டன் தெருக்களில் ஒலித்த ஜமைக்காவின் ரெக்கே இசையும், அதையே பேஸ் தூக்கலாக மாற்றிப் பதித்த டப்பும் அவர்கள் காதில் ஊறியிருந்தன. அதனால் அடித்தொனி வாசிக்கும் பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது. அடுத்த முறை 'ஸ்காங்க் பிளாக் பொலோன்யா'வைக் கேட்கும்போது பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பார். கிட்டார் சுரண்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், பாட்டைத் தோளில் சுமந்து நடப்பது பேஸ்தான்.

அந்தப் பெயருக்கு என்ன பொருள்? (காரைக்குடி)

ஸ்காங்க் என்பது ரெக்கேக்கு ஆடும் ஆட்டம். பிளாக் என்ற சொல் இத்தாலிய மார்க்சியர் கிராம்சியிடமிருந்து வந்தது, பல தரப்பு மக்கள் ஒன்று சேரும் அணி என்று வைத்துக்கொள்ளலாம். பொலோன்யா, கம்யூனிஸ்டுகள் ஆண்ட இத்தாலிய நகரம். 1977ல் அங்கே மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். குழுவின் பெயரும் கிராம்சியிடமிருந்து வந்ததுதான். 'அரசியல் எழுத்துகள்' என்று பொருள்படும் இத்தாலியத் தொடரைப் பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு மாதிரி நாக்கில் துள்ளும்படி வளைத்துக்கொண்டார்கள்.

அட்டையைக் கையில் கொடுத்தீர்கள். ஏதோ ஜெராக்ஸ் தாள் மடித்த மாதிரி இருந்தது. அதில் பவுண்டுக் கணக்கு எதற்கு? (கணக்காளர், தேவகோட்டை)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் ஐயா. அந்தக் கணக்குக்காகத்தான் தட்டை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அது நகலெடுத்து, கையால் மடித்த தாளேதான். கேம்பிரிட்ஜில் 14 மணி நேரம் ஒலிப்பதிவு செய்ததற்கு 98 பவுண்டு. மாஸ்டரிங்குக்கு, அதாவது பதிந்த ஒலியைத் தட்டுக்குத் தக்கபடி ஒழுங்கு செய்வதற்கு, 40. தட்டு அச்சடிக்க ஒன்றுக்கு 13 பென்ஸ் வீதம் 2500 பிரதிகள். வெள்ளை லேபிளில் குத்த ரப்பர் ஸ்டாம்ப் செய்ததற்கு 8 பவுண்டு. நான் இங்கே சொல்லாத சில்லறைச் செலவுகளும் சேர்த்து 500 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. எந்த வேலையை எங்கே செய்தார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. என்னிடம் உள்ள பிரதியில் ஸ்டாம்ப் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது, மையும் ஓரத்தில் லேசாகப் பரவியிருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குத்திய தடம் அது.

நம் பக்கத்தில் பேரேடும் ஐந்தொகையும் தெரியாத வீடு உண்டா? ஆனால் பேரேடு பெட்டிக்குள் இருக்கும், கடைக்கணக்கை ஊருக்குக் காட்ட மாட்டோம். இவர்கள் காட்டினார்கள். காசு கொடுத்து வாங்கியவன் அதைப் படித்துவிட்டு, 'இவ்வளவுதானா, நாமும் போடலாமே' என்று கிளம்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். எனக்கு இது பாட்டுக்குச் சமமான படைப்பு.

வழி காட்டியவர்களும் உண்டு. மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கைமாற்று வாங்கி 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' போட்டது. முதலில் ஆயிரம் பிரதி. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக்கில் அமைந்தது என்பதையும் அட்டையிலேயே எழுதினார்கள். அதே ஆண்டு டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற குழு, 'சுலபம், மலிவு, போய்ச் செய்' என்று பாட்டிலேயே பாடிவிட்டது. போட்ட தட்டை விற்க லண்டனில் ரஃப் டிரேட் மாதிரி கடைகள் இருந்தன. அதையும் சொல்ல வேண்டும். கடை இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்திருக்கும்.

அண்ணே, எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? (கோட்டையூர்)

வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டு அரக்கில் செய்தது. உங்கள் வீட்டுத் தேக்குக் கதவுக்கு பாலிஷ் போட வரும் ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே. துடைத்த இடத்தில் பாட்டே கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய துணியால் வரியோடு வரியாகச் சுற்றித் துடையுங்கள். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக்கூடாது. நிழலில் காய வையுங்கள். அப்புறம் நிறுத்தியே வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளது விரிசல் விடும்.

எல்லாப் பாட்டையும் ஒரே சின்னத் தட்டில் போட்டால் செலவு மிச்சமாகாதா? (காரைக்குடி)

அப்படித்தான் ஜாய் டிவிஷன் குழுவும் செய்தது. 1978ல் தாங்களே போட்ட முதல் தட்டில், ஏழு அங்குலத்தில் நான்கு பாட்டை அடைத்தார்கள். நேரம் கூடினால் ஊசி ஓடும் வரிகளை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஊசி அசைய இடம் குறையும், ஒலியைத் தணித்துத்தான் பதிக்க முடியும். பேஸுக்குத்தான் அதிக இடம் தேவை, முதலில் அடிபடுவதும் அதுதான். தட்டு வந்து போட்டுக் கேட்டால் மங்கல். அதே ஆண்டு அதே பாட்டுகளைப் பன்னிரண்டு அங்குலத்தில் மறுபடி அச்சடித்தார்கள். மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு செலவு.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் இந்த மாதிரித் தட்டு கிடைக்குமா?

நான் பார்த்ததில்லை. அங்கே கிடைப்பவை நம் பாட்டன்மார் கேட்டவை. அவற்றையும் விடாதீர்கள்.

நாங்கள் நான்கு பேர், காரைக்குடியில் வாசிக்கிறோம். தமிழில்தான் பாடுகிறோம். எங்கள் பாட்டை நாங்களே தட்டாகப் போட நினைக்கிறோம். இந்த ஊரிலிருந்து இதெல்லாம் நடக்குமா அண்ணே?

ஏன் நடக்காது தம்பி? ஏவி. மெய்யப்பன் இதே காரைக்குடியில் அப்பா கடையில் ரெக்கார்டு விற்றுக்கொண்டிருந்தவர். விற்பதைவிட நாமே தயாரிக்கலாம் என்று சென்னை போய் நண்பர்களோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். அவர் சினிமா எடுப்பதற்கு முன்பே ரெக்கார்டு போட்டுவிட்டார்.

இரண்டு பாட்டு போதும், பக்கத்துக்கு ஒன்று, நாலு நிமிடத்துக்குள். மாஸ்டரிங் செய்பவரிடம் இது வினைலுக்கு என்று முதலிலேயே சொல்லுங்கள், பேஸை நடுவில், இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாக வரும்படி, வைக்கச் சொல்லுங்கள். செலவு முழுவதும் பிரதிக்கணக்கில் ஏறாது. வரி வெட்டி, நிக்கல் அச்சு எடுக்கும் செலவு நூறு தட்டுக்கும் ஒன்றுதான், ஐந்நூறுக்கும் ஒன்றுதான். அதனால் எத்தனை விற்கும் என்று முதலில் உட்கார்ந்து எண்ணுங்கள். அட்டைக்கு ஊரில் உள்ள அச்சகமே போதும். செலவுக் கணக்கைப் பின்பக்கம் போடுங்கள், இது என் ஆசை.

மொத்தமாக அடிக்கும் முன் மாதிரித் தட்டு அனுப்புவார்கள். அதைக் கேட்காமல் சரி சொல்லிவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள், புது ஊசி மாட்டி வைக்கிறேன்.