ஆத்தோட போற ரோடா, ஆத்தை விட்டு ஏறுற ரோடா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமவெளியில 80 கிலோமீட்டர் சைக்கிளை அசால்ட்டா ஓட்டுவேன். அடுத்த மாசம் ஃப்ரெண்ட்ஸோட காடும் மேடுமா இருக்குற ஒரு ஆத்துப் பள்ளத்தாக்குக்குப் போறோம், அதுவும் 80 கிலோமீட்டர்தான், ஆனா ஆப்ல மொத்த ஏத்தம் 1,200 மீட்டர்னு காட்டுது. அங்க பெரிய மலையே கிடையாது, அப்புறம் இந்த 1,200 எங்கிருந்து வருது?

பதில்: குட்டிக் குட்டியா சேர்ந்து வருது சார். ஆறு காலங்காலமா நிலத்தை அறுத்துக்கிட்டே கீழ இறங்கியிருக்கும், மேல மேட்டுநிலம் அப்படியே நிக்கும், அதனால ரோடு ஆத்தை விட்டு வெளிய போகணும்னா அந்தச் சரிவை ஏறியே ஆகணும், அப்புறம் அடுத்த பாலத்துக்கு இறங்கி மறுபடி ஏறணும். ஒரு ஏத்தம் 150 மீட்டர்னு வெச்சுக்கங்க, எட்டு தடவை ஏறினா 1,200 வந்துடுச்சு. பெல்ஜியத்துல மியூஸ் ஆத்தங்கரையில ஹுய்னு ஒரு ஊர் இருக்கு, அங்க இருக்குற மூர் த ஹுய் ஏத்தம் மொத்தமே 1.3 கிலோமீட்டர்தான், உயரம் சுமார் 120 மீட்டர்தான், ஆனா சராசரி சரிவு 9.6 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனா 9.6 மீட்டர் ஏறணும், ஒரு வளைவுல 20 சதவீதத்தையும் தாண்டிப் போகும். ஃப்ளெஷ் வாலோன் சைக்கிள் பந்தயம் அதோட உச்சியிலதான் முடியுது, உலகத்தோட டாப் வீரர்களே அங்க மூச்சு வாங்குறாங்க. அதை மலைனு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆத்துப் பள்ளத்துல இருந்து மேல வர்ற ஒரு தெரு, அவ்வளவுதான்.

அதனால ரூட் போடும்போது மொத்த தூரம், மொத்த ஏத்தம் ரெண்டை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, எத்தனை தடவை ஆத்தை விட்டு மேல ஏறுறோம்னு எண்ணிப் பாருங்க, என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கணக்கு. 100 கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் ஏத்தம் வந்தாலே மேடுபள்ள ரூட்னு சைக்கிள்காரங்க சொல்லுவாங்க, உங்களோடது 100க்கு 1,500 கணக்குல வருது, கஷ்டமான ரூட்தான், சமவெளியில ஆகுற நேரத்தைப் போல ஒண்ணரை மடங்காவது ஒதுக்குங்க. சராசரி சரிவையும் நம்ப வேண்டாம். 4 கிலோமீட்டர், 5 சதவீதம்னு போட்டிருக்கும், பாத்தா நடுவுல ஒரு கிலோமீட்டர் தட்டையா போயிட்டு கடைசி 500 மீட்டர் 14 சதவீதத்துல நிக்கும், காலை உடைக்கிறது அந்த 500 மீட்டர்தான்.

இன்னொண்ணு, இது மேப்லயே தெரியும். ஆறு வளையுற இடத்துல வெளிப்பக்கக் கரையை தண்ணி அரிச்சு அரிச்சு செங்குத்தா ஆக்கியிருக்கும், உள்பக்கம் மண்ணும் மணலும் படிஞ்சு மெதுவா சரிஞ்சு வரும். மேல போக ரெண்டு ரோடு இருந்தா உள்வளைவுல இருந்து கிளம்புறதை முதல்ல பாருங்க, பெரும்பாலும் அதுதான் சாதுவான ரோடு. ஓடை வந்து ஆத்துல சேருற பள்ளத்தோடயே ஏறுற ரோடும் அப்படித்தான், தூரம் ஜாஸ்தி, சரிவு கம்மி, நிழலும் இருக்கும். மேப்ல உயரக்கோடுகள் (ஒரே உயரத்துல இருக்குற இடங்களைச் சேர்க்குற கோடுகள்) ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்து ரோடு அதை நேரா வெட்டிக்கிட்டுப் போனா அங்க ரெண்டு தடவை யோசிங்க.

கேள்வி: எனக்கு ஏத்தமே வேண்டாம், ஆத்தோரமா மட்டும் போயிட்டு அதே வழியில திரும்பணும். முதல்ல ஆத்துக்கு எதிரா போறது நல்லதா, ஆத்தோட போறது நல்லதா?

பதில்: எல்லாரும் சொல்றது, முதல்ல எதிரா போ, திரும்பும்போது இறக்கம் கிடைக்கும்னு. நான் காத்தைத்தான் முதல்ல பாப்பேன். பெரிய ஆறுகளோட கரையில சரிவு ரொம்பக் கம்மி, டான்யூப் ஆத்தோரம் ஜெர்மனியோட பாசாவ்ல இருந்து ஆஸ்திரியாவோட வியன்னா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல சைக்கிள் பாதை இருக்கு, ஷ்லோகன்ங்கிற இடத்துல காட்டு மலைக்கு நடுவுல ஆறே அப்படியே திரும்பி வந்த திசைக்குப் போகுது, அவ்வளவு மலை சுத்தி இருந்தும் பாதை கிட்டத்தட்ட தட்டை, சின்னப் பசங்களோட குடும்பம் குடும்பமா ஓட்டுறாங்க. ஆனா காத்து அப்படி இல்ல. வெயில் நாள்ல சரிவுகள் சூடாகி காத்து மேல எழும்பும், அந்த இடத்துக்கு கீழ இருந்து பள்ளத்தாக்கு வழியா காத்து ஏறி வரும், மதியத்துக்கு மேல இது நல்லா பலமா அடிக்கும், ராத்திரியில குளிர்ந்ததும் திசை மாறி கீழ இறங்கும். அதனால மேல இருக்குற ஊர்ல இருந்து கிளம்பி காலையில ஆத்தோட கீழ போங்க, மதியம் திரும்பி ஏறி வரும்போது காத்து உங்க முதுகைத் தள்ளும். மழை மேகம் கட்டி ஊரெல்லாம் காத்து அடிக்கிற நாள்ல இந்தக் கணக்கு செல்லாது, அன்னைக்கு வானிலையைப் பாத்து முடிவு பண்ணுங்க.

கேள்வி: என் சைக்கிள்ல முன்னாடி பல்சக்கரங்கள் 53/39 பல், பின்னாடி 11-25 பல். கேசட்டை (பின்னாடி பல்சக்கரக் கட்டை) மாத்துனு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. காலுக்கு பலம் இருந்தா போதாதா?

பதில்: ஃப்ரெண்ட்ஸ் சொல்றது சரி. உங்க ரொம்ப லேசான கியர்ல (முன்னாடி 39, பின்னாடி 25) பெடல் நிமிஷத்துக்கு 60 சுத்து சுத்தினாலே சைக்கிள் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் வேகத்துல போகும், ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோனா 10 சதவீத ஏத்தத்துல அந்த வேகத்துக்கு எடையைத் தூக்க மட்டுமே 270 வாட் வேணும். முன்னாடி 34, பின்னாடி 34 இருந்தா அதே 60 சுத்துக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம், சுமார் 175 வாட் போதும். ஒரு ஏத்தத்தை பலத்தால தள்ளிடலாம், எட்டாவது ஏத்தத்துல முட்டிதான் பதில் சொல்லும். மாத்துறதுக்கு முன்னாடி உங்க பின் டிரெய்லியர் (செயினை கியர் மாத்தி விடுற பாகம்) அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமானு மெக்கானிக்கிட்ட கேட்டுக்கங்க, செயினும் நீளமா போட வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய ரயில் பாதையை சைக்கிள் பாதையா மாத்தியிருக்காங்க, அது ஆத்தோரக் காட்டு வழியா போகுது. வயசான அப்பாவோட போகலாமா?

பதில்: தாராளமா கூட்டிட்டுப் போங்க. ரயிலால செங்குத்தா ஏற முடியாது, அதனால பெரும்பாலும் 2, 3 சதவீதத்துக்கு மேல சரிவே இருக்காது. சுரங்கம் வந்தா உள்ள இருட்டா இருக்கும், லைட் மட்டும் மறக்காதீங்க.

கேள்வி: ஏறுறது எனக்குப் பயமே இல்ல, காட்டுக்குள்ள இறங்குறதுதான் பயம். கூட வர்றவங்க பறக்குறாங்க, நான் மட்டும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே கடைசியா வர்றேன். என்ன பண்ணலாம்?

பதில்: கடைசியா வாங்கம்மா, அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. வேகம் 30ல இருந்து 60 ஆனா பிரேக் போட்டு நிக்கிற தூரம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு, இதைத் தெரிஞ்சு பயப்படுறது நல்ல பயம். காட்டு ரோட்ல இன்னும் ஜாஸ்தி கவனம் வேணும், மழை விட்டு ரொம்ப நேரம் ஆகி வெட்டவெளி காஞ்சிருந்தாலும் மரத்தடியில ஈரம் நிக்கும், ஈர இலையும் பாசியும் டயரை அப்படியே வழுக்கி விட்டுடும், வெயிலும் நிழலும் திட்டுத்திட்டா விழுறதுல குழி கண்ணுக்கே தெரியாது. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், லேசான கண்ணாடி போடுங்க, பின் லைட்டை பகல்லயும் எரிய விடுங்க, நிழலுக்குள்ள நீங்க இருக்குறது பின்னாடி வர்ற காருக்குத் தெரியணும்.

ஆனா பிரேக்கை பிடிச்சுக்கிட்டே வர்றதை மட்டும் மாத்திக்கங்க. ரிம் பிரேக்னா, அதாவது சக்கரத்தோட விளிம்பைப் பிடிக்கிற பிரேக்னா, நீளமான இறக்கத்துல ரிம் சூடாகும், ரொம்ப சூடானா டியூப் வெடிக்கக்கூட வாய்ப்பு இருக்கு. வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்லயே ரெண்டு பிரேக்கையும் நல்லா பிடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு விட்டுடுங்க, வளைவுக்குள்ள பிடிக்காதீங்க, வெளிப்பக்கக் காலை கீழ வெச்சு அதுல எடையைப் போட்டு, எங்க போகணுமோ அங்க பாருங்க. ஹேண்டில்ல கீழ்ப்பிடி பிடிச்சா பிரேக் சுலபமா வரும், எடையும் கீழ இறங்கும். 25 மில்லிமீட்டர் அகல டயர் போட்டிருந்தா, ஃபிரேம்ல இடம் இருந்தா, 28க்கோ 32க்கோ மாறி காத்தைக் கொஞ்சம் குறைச்சு ஓட்டுங்க, பிடிப்பு நல்லா இருக்கும். இறக்கத்தோட அடியில ஒரு திருப்பம், திரும்பினதும் சின்ன பாலம், இந்த மாதிரி ரோடுகள்ல அது அடிக்கடி வரும், மேப்ல முன்னாடியே குறிச்சு வெச்சுக்கங்க, காட்டுக்குள்ள போன் சிக்னல் இருக்காதுனு நினைச்சே மேப்பை வீட்லயே டவுன்லோட் பண்ணிடுங்க. உச்சியில வேர்வையோட நிக்கும்போது குளிராது, இறங்க ஆரம்பிச்சதும் விரல் மரத்துப் போய் பிரேக் பிடிக்கவே வராது, அதனால மெல்லிசு ஜாக்கெட்டும் முழு விரல் கையுறையும் மேலயே போட்டுக்கிட்டு அப்புறம் இறங்குங்க.